லயத்து விளக்கும் நாற்பது வெள்ளியும்

ரிங்லெட் அணை 1963-இல் கட்டி முடிந்தது. அன்றிலிருந்து கேமரன் மலைத் தண்ணீர் நாட்டுக்கு மின்சாரம் தருகிறது. அதே மலையில் காலமெல்லாம் கொழுந்தெடுத்து ஓய்ந்த கிழவிக்கு லைட் பில்லில் ஒரு சலுகை கிடைப்பதுதான் குதிரைக் கொம்பாக இருக்கிறது!

பரம ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 40 வெள்ளி வரை மின்கட்டணக் கழிவு 2019-இல் வந்தது. இ-காசே பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அது மட்டும் போதாது. இந்தச் சலுகை கையில் காசாக வராது, தெனாகா பில்லில்தான் கழியும். லயத்துக்கெல்லாம் ஒரே மீட்டர், அதுவும் தோட்ட ஆபிஸ் பேரில், லைட் காசு சம்பளத்தில் பிடித்தம் என்றால், அந்த 40 வெள்ளி யார் பில்லில் போய் விழும்?

1990-ஆம் ஆண்டு தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டத்தையும் பாருங்கள். தண்ணீருக்கு 'இலவசம்' என்று எழுதியவர்கள், மின்சாரத்துக்குப் 'போதுமான' என்றதோடு பேனாவை மூடிவிட்டார்கள்.

துரைமார்களிடம் நாம் கேட்பது வீட்டுக்கு வீடு தனி மீட்டர், குடியிருப்பவர் பேரிலேயே. அது வரும்வரை அரசாங்கம் இந்தச் சலுகையைப் பணமாகவே கொடுக்கட்டும்.

தனி மீட்டர் உள்ளவர்கள் சும்மா இருக்கலாமா? செத்துப்போன வீட்டுக்காரர் பேரிலேயே பில் வந்தால் உடனே பேரை மாற்றுங்கள். தானா ராத்தா மாவட்ட அலுவலகத்தில் இ-காசே மனு கொடுங்கள். அடையாளக் கார்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு எல்லாம் கையில் இருக்கட்டும். மலாய் பாரம் புரியாவிட்டால் படிக்கிற பிள்ளையைக் கூட்டிப் போங்கள், வெட்கம் வேண்டாம். மனு கொடுத்த தேதியை எழுதி வையுங்கள். மூன்று மாதமாகியும் பதில் இல்லையென்றால் தோட்டக் கமிட்டியிடம் சொல்லுங்கள், நாம் கூட வருகிறோம்.