மூட்டையில் பெயர் எழுது!

2023 அக்டோபர் 9ந் தேதி அரியலூர் மாவட்டம் விரகாலூரில் பட்டாசுக் கிடங்கு வெடித்தது. ஒன்பது பேருக்குக் குறையாமல் மாண்டனர். தீபாவளிக்கு ஒரு மாதமே இருந்தது.

பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் கலந்தால் ஓர் உரசல் போதும், வெடிக்கும். அலுமினியப் பொடியில் ஈரம் பட்டால் சூடேறும். ஒவ்வொன்றையும் தனித்தனியே வை, மூட்டையில் பெயர் எழுது என்பது பிரமாத விஞ்ஞானமா?

போபாலில் 1984ல் ஆயிரக்கணக்கானோர் மடிந்த பிறகு, ஆபத்தான ரசாயனக் கலத்தின் மேல் பொருளின் பெயர், தயாரித்தவர் முகவரி, அதன் தன்மை எல்லாம் தெளிவாக இருக்க வேண்டுமென்று 1989ல் மத்திய சர்க்கார் விதி போட்டது. நல்ல விதிதான். ஆனால் மருந்து இடிக்கும் கூலிப் பெண்ணுக்கு இங்கிலீஷ் சீட்டு எதற்கு? தமிழில் எழுது, படிக்காதவருக்கு வாய்விட்டுச் சொல்!

பெரம்பலூர், அரியலூர் அதிகாரிகள் அடுத்த தீபாவளி ஆர்டர் வருமுன் ஒவ்வொரு கிடங்கையும் திறந்து பார்க்க வேண்டும், தொழிலாளர் பிரதிநிதிகளை உடன் வைத்துக்கொண்டு.