வெடிப்பை அடைக்கும் கிருமி கடைமடைக்கு வருமா?

1950களில் எழுந்த மணிமுத்தாறு அணை 118 அடித் தண்ணீரைத் தேக்குகிறது. திட்டம் சர்க்காருடையது, கல் சுமந்து மண் வெட்டியவர்கள் உழைப்பாளி மக்கள். அந்தத் தண்ணீர் 80 அடிக் கால்வாய் வழியே நாங்குநேரி, சாத்தான்குளம் பக்கத்து வறண்ட பூமியை நோக்கி ஓடுகிறது. வழியில் மதகிலோ சிமெண்டுப் பூச்சிலோ வெடிப்பு விழுந்தால் நஷ்டம் யாருக்கு? கடைமடை விவசாயிக்குத்தான்.

இந்த வெடிப்புக்கு விஞ்ஞானம் இன்று ஒரு மருந்து கண்டிருக்கிறது. ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஹெங்க் யோன்கர்ஸ் என்ற விஞ்ஞானி 2006 முதல் இதில் பாடுபட்டார். உறக்க நிலையிலுள்ள பாக்டீரியாக்களையும், அவற்றுக்கு இரையாக கால்சியம் லாக்டேட்டையும் கான்கிரீட்டில் கலந்துவிடுகிறார்கள். வெடிப்பு விழுந்து தண்ணீர் உள்ளே இறங்கியதும் கிருமி விழிக்கிறது, இரையைத் தின்று சுண்ணாம்புக் கல்லை உண்டாக்குகிறது, வெடிப்பு அடைபடுகிறது. தண்ணீர் புகாததால் உள்ளேயிருக்கும் கம்பியும் துருப்பிடிப்பதில்லை.

இதைக் கண்டு நாம் மலைக்க வேண்டியதில்லை. கடுக்காயும் கருப்பட்டியும் கலந்து நம் கொத்தனார்கள் அரைத்த சுண்ணாம்புச் சாந்திலும், சிறு வெடிப்பு தண்ணீர் பட்டுத் தானே மூடிக்கொள்வது உண்டு.

ஆனால் ஹாலந்து முறைக்குக் காப்புரிமை வாங்கியாயிற்று. சரக்கு சந்தைக்கும் வந்தாயிற்று. காசுள்ளவன் வாங்குவான். கடைமடைக்காரன் என்ன செய்வான்?

நம் நாட்டிலும் அறிவுக்குப் பஞ்சமில்லை. பஞ்சாபில் பாட்டியாலா தாப்பர் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், பால் ஆலைக் கழிவையே இந்தக் கிருமிக்கு இரையாக்கலாம் என்று 2009ல் காட்டினார்கள். செலவைக் குறைக்கும் வழி இது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் இஸ்ரோவும் சந்திரனில் கட்டடம் கட்டுவதற்கென்று, கிருமியையும் யூரியாவையும் கொத்தவரைப் பிசினையும் கொண்டு செங்கல் செய்யும் முறையை 2020ல் வெளியிட்டன. சந்திரனுக்குப் போகட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? போகிற வழியில் மணிமுத்தாற்றுக்கும் வரட்டும் என்பதுதான் நம் கேள்வி!

ஒன்றை மறக்கக் கூடாது. இந்தக் கிருமி அடைப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மயிரிழை வெடிப்பைத்தான். சிமெண்டுக்குப் பதில் மணலை அள்ளிப் போட்ட கண்ட்ராக்டரின் கொள்ளையை அது அடைக்காது. ஆண்டாண்டாக மராமத்துப் பார்க்காத அலட்சியத்தையும் அடைக்காது. கலவையில் சேராத சிமெண்டை எந்தக் கிருமியும் கொண்டுவந்து சேர்க்காது. அந்த வெடிப்பை அடைக்க மக்களின் கண்காணிப்பு ஒன்றே மருந்து.

ஆகவே நாம் கேட்பது இதுதான்: பொதுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியின் பலன் பொதுச் சொத்தாக வேண்டும். 80 அடிக் கால்வாயில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, சர்க்காரே இந்த முறையைச் சோதித்துப் பார்க்க வேண்டும். செலவுக் கணக்கையும் பலனையும் விவசாயிகள் முன் வைக்க வேண்டும். வேலையை நம் கொத்தனார்களுக்கே கற்றுக்கொடுக்க வேண்டும்.

அணையைக் கட்டியது மக்களின் கை. அதைக் காக்கும் விஞ்ஞானமும் மக்களின் கைக்கு வரட்டும்!