விழுங்கும் மெத்தை, விரட்டும் கண்ணாடி

வீட்டைக் காலி செய்து, சாமான்களை எல்லாம் வண்டியில் ஏற்றிய பிறகு வெறும் அறையில் நின்று பேசிப் பாருங்கள். குரல் கணீரென்று முழங்கும். நேற்று வரை அந்த முழக்கத்தை விழுங்கிக்கொண்டிருந்தவை மெத்தையும் தலையணையும் கொடியில் தொங்கிய துணிகளும்தான்.

இதை அளந்து காட்டியவர், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைன். 1895-ல் அங்கே புதிதாகத் திறந்த ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரை அரங்கில், யார் பேசினாலும் புரியவில்லை. ஒரு சொல்லின் ஒலி அடங்க 5 விநாடிக்கு மேல் ஆனது. அதற்குள் அடுத்தடுத்த சொற்கள் வந்து குழம்பின. சபைன் இரவு நேரங்களில், சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அங்கே பரப்பினார். ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தைக் குறித்தார். மெத்தை கூடக் கூட, நேரம் குறைந்தது.

காரணம் எளிது. பஞ்சு, ஃபோம், கம்பளம் போன்றவற்றுக்குள் எண்ணற்ற நுண்துளைகள் உள்ளன. ஒலி நுழைந்ததும், அங்குள்ள காற்று முன்னும் பின்னும் ஆடித் துளைச் சுவர்களில் உரசுகிறது. ஒலியின் ஆற்றல் வெப்பமாக மாறிவிடுகிறது. கை வைத்தால்கூடத் தெரியாத சொற்ப வெப்பம்!

கண்ணாடியில் அந்தத் துளைகள் இல்லை. மேலே படும் ஒலியில் பெரும்பகுதியை அது திருப்பி அனுப்பிவிடும். கனம் கூடினால் தடுப்பும் கூடும். அதனால்தான் மூடிய ஜன்னல் தெருச் சத்தத்தைத் தெருவுக்கே விரட்டுகிறது.

இந்த வேறுபாடு தெரியாமல், சாலை இரைச்சலைத் தடுக்கச் சுவரில் முட்டை அட்டையும் ஃபோமும் ஒட்டுகிறவர்கள் உண்டு. பணம்தான் வீண். பஸ்ஸின் உறுமலை மெல்லிய ஃபோம் தடுக்காது. ஆபத்தும் இருக்கிறது. 2003-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், சத்தத்தைக் குறைக்க ஃபோம் ஒட்டியிருந்த இரவு விடுதி ஒன்றில், வாணவேடிக்கைப் பொறி பட்டுத் தீ பரவி 100 பேர் இறந்தார்கள்.

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குத் தெரு இரைச்சல் தொல்லையா? முதலில் ஜன்னல் இடுக்குகளை ரப்பர் பீடிங் வைத்து அடையுங்கள். காற்று புகும் இடத்தில் சத்தமும் புகும். அதற்கும் அடங்காவிட்டால் கனமான கண்ணாடிக்கு மாற்றலாம். கனத்த திரைச்சீலையும் கம்பளமும் அறைக்குள் எழும் எதிரொலியை அடக்கத்தான்.