முதுகில் ஒரு புத்தகப் பை

தண்டால் எடுப்பவர்கள் பலரும் ஓர் இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். ஆரம்பத்தில் பத்து எடுப்பதற்குள் கை நடுங்கியது. சில மாதங்களில் முப்பது, நாற்பது சாதாரணமாக வருகிறது. பிறகு ஐம்பது, அறுபது என்று எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். அப்படிக் கூட்டும்போது வளர்வது பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும் திறன். பலம் அதே அளவுக்குக் கூடுவதில்லை. அதற்குச் சுமை கூட வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம், காயம்பட்ட வீரர்களின் தேய்ந்துபோன தசைகளுக்குப் படிப்படியாக எடையைக் கூட்டிப் பயிற்சி கொடுத்தார். 1945இல் அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். நம் தென்மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல்லைத் தூக்கிப் பழகியவர்களுக்கும் இது தெரிந்த சங்கதிதான்.

தண்டாலில் சுமையைக் கூட்ட வீட்டில் கிடக்கும் பழைய புத்தகப் பையே போதும். உள்ளே வைக்கத் தண்ணீர் பாட்டிலைவிட நல்ல எடைக்கல் கிடையாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, அரை லிட்டர் அரைக் கிலோ, தராசே வேண்டாம். பாட்டிலைக் கழுத்துவரை நிரப்புங்கள். பாதி நிரம்பிய பாட்டிலில் தண்ணீர் அலைந்து உடலைப் பக்கவாட்டில் இழுக்கும்.

எவ்வளவு எடை என்பதை மட்டும்தான் பலர் கேட்கிறார்கள். அது எங்கே உட்கார்கிறது என்பது அதைவிட முக்கியம். தண்டால் நிலையில் நம் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கைகள் தாங்குகின்றன. 60 கிலோ ஆளுக்கு 40 கிலோ. பை தோள்பட்டை எலும்புகளுக்கு மேல் இருந்தால் அதன் எடை அநேகமாக முழுவதும் கைக்கு வரும். இடுப்புப் பக்கம் இறங்கிவிட்டால் கைக்கு வரும் பங்கு குறைந்து, இடுப்பு தொய்ந்து, கீழ்முதுகு வலி வாங்கும். நான் முதலில் ஐந்து கிலோ அரிசிப் பையை அப்படியே உள்ளே போட்டுக்கொண்டு தண்டால் எடுத்தேன். மூன்றாவதிலேயே அது சரிந்து வந்து பிடரியில் இடித்தது. இப்போது பழைய போர்வையைச் சுற்றி, இடைவெளி இல்லாமல் திணித்து, வார்களை இறுக்கி, மார்புக்குக் குறுக்கே ஒரு துண்டால் முடிச்சுப் போட்டுக்கொள்கிறேன். பிறகு பை அசைவதே இல்லை. இடுப்பைத் தூக்கி, தலையைத் தாழ்த்தி, பாம்பு போல முன்னே ஊர்ந்து எழும் பழைய பாணித் தண்டாலுக்கு மட்டும் பை ஒத்துவராது. எவ்வளவு இறுக்கினாலும் கழுத்துக்குத்தான் வரும். பையோடு எடுப்பதென்றால் உடம்பைப் பலகை போல நேராக வைத்து எடுக்கும் தண்டால்தான்.

பஸ்கிக்குப் பையை முன்னால் கட்டிக்கொள்ளலாம். குழந்தையைத் தூக்குவது போல மார்போடு அணைத்தாலும் சரி. எடை முன்னால் இருப்பதால் முதுகை நிமிர்த்தி ஆழமாக உட்கார வரும். கம்பியில் தொங்கி ஏறும் பயிற்சியில் மட்டும் அவசரப்படாதீர்கள். அங்கே உடம்பின் முழு எடையும் ஏற்கெனவே கையில்தான் தொங்குகிறது; ஒரு கிலோ கூடினாலே தெரியும்.

கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பயிற்சி செய்வதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். காலில் விழுந்தால் எலும்பு போகும். வால்வு அடிபட்டால் வீட்டுக்கே ஆபத்து. இருபது லிட்டர் தண்ணீர் கேனும் ஈரக் கையில் வழுக்கும். ரத்த அழுத்தமோ, முதுகு, மூட்டுத் தொந்தரவோ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் எடை சேர்க்கக் கூடாது. மற்றவர்களும் எழும்போது மூச்சை அடக்காமல் வெளியே விட வேண்டும்.

எப்போது தொடங்குவது? நெஞ்சு தரைக்கு அருகே வரும்வரை நிதானமாக இறங்கி இருபது தண்டால் எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். அரைகுறையாக இறங்கி எடுத்த நாற்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முடிந்தால் இரண்டு லிட்டரில், மூன்று சுற்றாகத் தொடங்கலாம். எட்டு, பத்து என்று ஏறி, பன்னிரண்டு தண்டால் இடுப்பு தொய்யாமல் மூன்று சுற்றும் வந்த பிறகு, அரை லிட்டர் பாட்டில் ஒன்றை உள்ளே வையுங்கள். இப்படிக் கூட்டிக் கூட்டி எட்டும் ஐந்து கிலோ பார்வைக்குச் சின்னதுதான்; ஆனால் 40 கிலோ தாங்கும் கைகளுக்கு அது எட்டில் ஒரு பங்கு. அந்த ஐந்துக்கு வந்துசேர இரண்டு, மூன்று மாதம் எடுத்துக்கொண்டால் தவறே இல்லை.