மூன்றாம் மாடியில் பத்தியம், தரைத்தளத்தில் பஃப்ஸ்

போன ஆனி மாதம் என் மனைவிக்கு இதயத்தில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள். கடவுள் புண்ணியத்தில் இப்போது நலமாக இருக்கிறாள். போனிலும் நேரிலும் விசாரித்த அம்பத்தூர், திருமுல்லைவாயல் நண்பர்கள் எல்லோருக்கும் நன்றி. ஐந்து நாள் அவளுக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க வேண்டாம். வைத்தியத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். நான் எழுத வந்தது கீழே இருந்த கேன்டீனைப் பற்றி.

இரண்டாம் நாள் சாயங்காலம் உணவு ஆலோசகர் என்று ஒரு இளம் பெண் வந்தார். பொறுமையாகப் பேசினார். உப்பு ஒரு நாளைக்கு மொத்தமாக 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் அளவுக்குள் இருக்க வேண்டும். எண்ணெயில் பொரித்தது, மைதா, பேக்கரிப் பண்டம், குளிர்பானம், அப்பளம் எதுவும் கூடாது.

"ஊறுகாயுமாம்மா?" என்று என் மனைவி பரிதாபமாகக் கேட்டாள்.

"ஊறுகாயைத்தான்மா முதல்ல நிறுத்தணும்" என்றார் அந்தப் பெண். அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இரவு ஒன்பதரைக்கு எனக்குச் சாப்பாடு தேடி லிஃப்டில் இறங்கினேன். கதவு திறந்தால் எதிரே கேன்டீன். கண்ணாடிப் பெட்டிக்குள் பஃப்ஸ், சமோசா, கட்லெட். பலகையில் ஃப்ரைடு ரைஸ், நூடுல்ஸ், பரோட்டா. பக்கத்தில் ஆளுயர ஃப்ரிட்ஜ் நிறையக் கலர் கலராய்க் குளிர்பானம். மேலே தோரணம் மாதிரி சிப்ஸ் பாக்கெட். சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்தேன். முப்பத்து மூன்று வருஷம் பில்லையும் வவுச்சரையும் ஒப்பிட்டுப் பார்த்த பழக்கம் விடுமா? 'தவிர்க்க வேண்டியவை' என்ற பகுதியில் இருந்ததில் முக்கால்வாசி அங்கே விற்பனைக்கு இருந்தது. 'சேர்த்துக்கொள்ள வேண்டியவை' என்ற பகுதியில் இருந்து தண்ணீர் பாட்டில் ஒன்றுதான்.

"தம்பி, இட்லி இருக்கா?"

"காலையில மட்டும்தான் தாத்தா. எட்டரைக்கே தீர்ந்துடும்."

"தயிர் சாதம்?"

"அது மத்தியானம். இப்ப பஃப்ஸ் சூடா இருக்கு. எக்கா, வெஜ்ஜா?"

எனக்குச் சர்க்கரை வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். வெளியே போகலாம் என்றால் மனைவியைத் தனியாக விட மனம் இல்லை. பையன் பெங்களூரிலிருந்து வந்து சேரவில்லை. வெஜ் பஃப்ஸ் இரண்டு வாங்கிச் சாப்பிட்டேன். மறுநாள் பரோட்டா. அதற்கு மறுநாள் மறுபடி பஃப்ஸ். டிஸ்சார்ஜ் அன்று நர்ஸ் பெண்ணிடம் சொல்லி என் விரலிலும் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன். 312. டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார், அடுத்த பெட் உங்களுக்கா?" என்றார். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். எங்கள் முசியே ஒருவர் வகுப்பில் சொன்னது அந்த பஃப்ஸைக் கடிக்கும்போது நினைவுக்கு வந்தது. 'ரெஸ்தோரான்' என்பது முதலில் ஒரு கடையின் பெயர் இல்லையாம். இழந்த தெம்பைத் திரும்பத் தருவது என்று அர்த்தம். உடம்பு நலிந்தவர்கள் குடிக்கும் சாற்றுக்குத்தான் அந்தப் பெயர். 18-ஆம் நூற்றாண்டில் பாரிசில் அந்தச் சாற்றை விற்ற இடங்களுக்கு அதே பெயர் ஒட்டிக்கொண்டது. நம் ஊர் மிளகு ரசம் விற்ற கடை என்று வைத்துக்கொள்ளுங்களேன். நோயாளிக்காகப் பிறந்த சொல், இன்று ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயை விற்கும் இடத்துக்குப் பெயராகி நிற்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதுச்சேரியில் ரொட்டி என்பது தினம் காலையில் வாங்கும் சாமான். வேலை கிடைத்து இந்தப் பக்கம் வந்த புதிதில் கடையில் பிரெட் கேட்டால், "வீட்டுல யாருக்கு சார் உடம்பு சரியில்ல?" என்பார்கள். காய்ச்சல் என்றால் பிரெட், ஆஸ்பத்திரி என்றால் பிரெட்டும் ஹார்லிக்ஸும் என்று நமக்கு ஊறிப்போய்விட்டது. மைதா ரொட்டியைவிட நம் வீட்டு இட்லியும் கஞ்சியும் எந்த விதத்தில் குறைச்சல்? ஆஸ்பத்திரி உணவு பற்றிய நம் எண்ணமும் கொஞ்சம் மாற வேண்டியிருக்கிறது.

கேன்டீனில் யார் சாப்பிடுகிறார்கள் என்று ஐந்து நாளும் பார்த்துக்கொண்டிருந்தேன். நோயாளிக்குத் தட்டு மேலே வந்துவிடுகிறது. கீழே சாப்பிடுகிறவர்கள் துணைக்கு வந்தவர்கள். பிள்ளைகள் அமெரிக்காவிலோ பெங்களூரிலோ இருக்க, கணவருக்கு மனைவி, மனைவிக்குக் கணவர் என்று காவல் இருக்கும் நம் வயதுக்காரர்களே பாதிப் பேர். மீதி, நைட் டியூட்டி நர்ஸ் பெண்கள், செக்யூரிட்டி, துப்புரவுப் பணியாளர்கள். நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் சொன்னது. நோய்ச் சுமையில் 56 சதவீதத்துக்கு மேல் தவறான உணவால் வருவது என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் இருக்கிறது. அப்படியானால் அந்தக் கேன்டீன் வரிசையில் நின்றவர்களில் பலர் அடுத்த நோயாளிகள்.

ஆவடி டாங்க் ஃபேக்டரியில் ஓய்வு பெற்ற என் நண்பர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "நாம என்ன சின்னப் பிள்ளையா? வேணும்னா சாப்பிடறோம், வேணாம்னா விடறோம். கடைக்காரனைக் குறை சொல்லலாமா?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் வேண்டும், வேண்டாம் என்று சொல்ல இரண்டு பொருள் எதிரில் இருக்க வேண்டும். இரவு ஒன்பதரைக்கு எனக்கு இருந்தது எக்கா, வெஜ்ஜா என்ற ஒரே தேர்வு. பஃப்ஸைத் தடை செய்யச் சொல்லவில்லை. எனக்கும் பஃப்ஸ் பிடிக்கும். பக்கத்தில் நாலு இட்லியும் இருக்கட்டும் என்கிறேன்.

கடைக்காரரை நானும் குறை சொல்லவில்லை. உத்தியோகத்தில் இருந்தபோது கேன்டீன் குத்தகை ஃபைல்கள் சில என் மேஜைக்கு வந்ததுண்டு. யார் அதிக வாடகை கேட்கிறாரோ அவருக்கே குத்தகை. வாடகை ஏற ஏற, எடுத்தவர் எதை விற்பார்? இட்லி மாவு புளிக்கும், சுண்டல் சாயங்காலத்துக்குள் கெடும், பழம் அழுகும். பஃப்ஸ் நாள் முழுக்கக் கண்ணாடிப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும். சிப்ஸும் குளிர்பானமும் மாசக்கணக்கில் கெடாது, ஆளும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். ஆகவே தப்பு கல்லாப்பெட்டியில் இல்லை, ஒப்பந்தத் தாளில் இருக்கிறது. வாடகையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, 'இன்னின்ன உணவு, இன்ன நேரம் வரை இருக்க வேண்டும்' என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் பாதிக் காரியம் முடிந்தது.

நடக்காத காரியம் இல்லை இது. 2013-ல் சென்னையில் அம்மா உணவகம் வந்தபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். சென்ட்ரல் எதிரே உள்ள அரசுப் பொது மருத்துவமனை வளாகத்திலும் ஒன்று திறந்தார்கள். வெளியூரிலிருந்து நோயாளியோடு வந்தவர்கள் அங்கே ஆவி பறக்கும் இட்லி சாப்பிட்டார்கள். அரசியல் எப்படியும் இருக்கட்டும். லட்சக்கணக்கில் பில் போடும் தனியார் ஆஸ்பத்திரியின் துணையாளுக்குக் கிடைக்காதது, ஏழையின் துணையாளுக்குக் கிடைத்தது. அமெரிக்காவில் இதய வைத்தியத்துக்குப் பேர்போன கிளீவ்லண்ட் கிளினிக்கில் இருபது வருஷம் போல ஒரு மெக்டொனால்ட்ஸ் கடை இருந்தது. 2015-ல் குத்தகையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். ஒரு குத்தகைக் காகிதம், அவ்வளவுதான்.

நம் நாட்டிலும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்கூடக் கேன்டீனிலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் விதி கொண்டுவந்தது. அது பள்ளிக்கூடத்துக்கு. அதே ஆணையத்தின் 'ஈட் ரைட் கேம்பஸ்' திட்டத்தில் ஆஸ்பத்திரிகளும் சேரலாம். சேருவதும் சேராததும் நிர்வாகத்தின் விருப்பம்.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. இரவு பத்து மணி வரை இட்லி அல்லது இடியாப்பம். ஒரு பாத்திரத்தில் கஞ்சி. சுண்டல், வாழைப்பழம், உப்பு குறைத்த மோர். சர்க்கரை போடாத காபி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுப்பது. இவற்றைக் கண் மட்டத்தில் முன்னால் வைத்து, குளிர்பானத்தைப் பின்னால் தள்ளுவது.

டிஸ்சார்ஜ் ஆன மறுவாரமே இதையெல்லாம் மனுவாக எழுதி, எண் போட்டு, நகல் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கொடுத்தேன். உள்ளே இருந்த பையன் மரியாதையாக வாங்கிக்கொண்டு, "கண்டிப்பா பரிசீலிக்கிறோம் சார்" என்றான். அந்த வார்த்தையை நானே என் காலத்தில் எத்தனையோ பேருக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். அதன் பொருள் எனக்குத் தெரியும்.

ஆனாலும் ஒரு மனு என்றால் ஃபைலில் தூங்கும். பத்து மனு வந்தால் யாராவது எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும், இதுவும் அனுபவம்தான். நீங்கள் அடுத்த முறை ஆஸ்பத்திரி போகும்போது, வாசலில் இருக்கும் யோசனைப் பெட்டியில் இரண்டு வரி எழுதிப் போடுங்கள். அதுவரை, துணைக்குப் போகிறவர் பையில் நோயாளியின் ஃபைலோடு கொஞ்சம் பொட்டுக்கடலை, இரண்டு வாழைப்பழம், ஒரு ஃபிளாஸ்க் கஞ்சி இருக்கட்டும். உங்கள் மாத்திரையையும் மறக்க வேண்டாம். நான் இரண்டாம் முறை செக்கப்புக்குப் போனபோது அப்படித்தான் போனேன். அன்று என் சர்க்கரை 148.