கால்பந்தைக் கண்ணாரக் காண்போம்!

ஆண்டுதோறும் எங்கள் வகுப்பின் இன்பச் சுற்றுலா முக்கொம்புக்குத்தான். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் அழகைக் கண்டு, 1830களில் ஆர்தர் காட்டன் மேலணை கட்டிய வரலாற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, மரநிழலில் புளியோதரை உண்டு திரும்புவோம். இவ்வாண்டும் அவ்வாறே சென்றோம். அங்கே வேறு பள்ளி மாணவர் சிலர் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தனர். சாப்பாட்டையும் மறந்து நாங்கள் வேடிக்கை பார்த்தோம். அருகிலிருந்த பெரியவர் ஒருவர், "பெண் பிள்ளைகளுக்குப் பந்தாட்டத்தில் என்னம்மா வேலை? போய் ஊஞ்சல் ஆடுங்கள்" என்றார். மறுமொழி கூற அன்று எங்களுக்குத் துணிவு வரவில்லை. அதையே இங்கு எழுதுகிறோம்.

நாங்கள் கால்பந்தில் தேர்ந்தவர்கள் அல்லர். 'ஆஃப்சைடு' என்றால் என்ன என்று கேட்டால் இன்றும் திருதிருவென விழிப்போம். ஆயினும் 2024 பிப்ரவரி 16 அன்று, சென்னையில் பெரியப்பா வீட்டிற்குச் சென்றிருந்தபோது, ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் ஓர் ஆட்டம் காணும் வாய்ப்புக் கிடைத்தது. இந்தியன் சூப்பர் லீக் போட்டியில் சென்னையின் எஃப்.சி. அணியும் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியும் மோதின. "அவ்வளவு கூட்டத்தில் பெண் பிள்ளைகளா?" என்று அம்மா தயங்கினார்கள். பெரியம்மாவும் உடன் வருவதாகச் சொன்ன பிறகே அனுமதி கிடைத்தது.

தொலைக்காட்சியில் பந்து இருக்கும் இடம் மட்டுமே தெரியும். மைதானத்திலோ பதினோரு பேரும் தெரிகிறார்கள். பந்து தம்மிடம் வராது என்று தெரிந்தும் மறுகோடியில் ஓடிக்கொண்டே இருப்பவரைக் கண்டோம். தன் கோலின் முன்னே தனியாக நின்று, காற்றில் கையை வீசிக் கட்டளையிடும் கோல் கீப்பரைக் கண்டோம். கூட்டு முயற்சி என்று நீதிபோதனை வகுப்பில் படித்ததன் பொருள் அன்றுதான் விளங்கியது.

60ஆம் நிமிடத்தில் ஆகாஷ் சங்வான் கோல் அடித்தார். அந்த ஒரே கோலால்தான் சென்னை வென்றது. ஆனால் அதை நாங்கள் பார்க்கவில்லை! இருக்கைக்கு அடியில் விழுந்த தங்கையின் செருப்பைத் தேடிக் குனிந்திருந்தோம். நிமிர்ந்தபோது அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. முன்பின் அறியாத அம்மையார் ஒருவர் எங்கள் கைகளைப் பற்றிக் குலுக்கினார். கோலைக் காணாத எங்களுக்கும் அந்த மகிழ்ச்சியில் பங்கு கிடைத்தது.

"மைதானத்தில் தகாத சொற்கள் காதில் விழுமே" என்பர் சிலர். உண்மைதான், அன்றும் விழுந்தன. பின்வரிசை இளைஞர்கள் சிலர் நடுவரைத் திட்டினர். பெரியம்மா திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான், அடங்கிவிட்டனர். பெண்கள் வராதிருப்பதால் மைதானம் திருந்தாது. வருவதால்தான் திருந்தும் என்பது எங்கள் கருத்து.

பெண்களை மைதானத்திலிருந்து விலக்கி வைத்த கதை நெடியது. 1920இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் மகளிர் கால்பந்து ஆட்டம் ஒன்றைக் காண 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டே அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம், தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களில் மகளிர் ஆடத் தடை விதித்தது. அத்தடை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. ஈரான் நாட்டில் பல்லாண்டுகள் பார்வையாளராகக்கூடப் பெண்களை விடவில்லை. 2019 அக்டோபரில்தான், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம் ஒன்றைக் காண அவர்கள் டிக்கெட் வாங்கி உள்ளே சென்றனர். பிறர் போராடிப் பெற்றதை நாம் கேட்காமலே இழக்கலாமா?

நம் தமிழகமோ இத்துறையில் பெருமை மிக்கது. 2018இல் தமிழ்நாட்டு மகளிர் அணி தேசியப் பட்டம் வென்றது. 2019இல் மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக் கோப்பையைக் கைப்பற்றியது. கடலூர் மாவட்டத்தின் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கே ஆடினார். இத்தகையோர் இன்னும் பலர் தோன்ற வேண்டுமானால், முதலில் பெண்கள் ஆட்டத்தைக் கண்ணால் காண வேண்டாமா? நீச்சலைக் கரையிலிருந்தாவது பார்த்தவளுக்குத்தானே ஆற்றில் இறங்கும் ஆசை வரும்!

எனவே எங்கள் பெற்றோருக்கும் ஆசிரியைகளுக்கும் பணிவான விண்ணப்பம் ஒன்று. ஆண்டுக்கு ஒருமுறையேனும் எங்களை ஒரு நல்ல கால்பந்து ஆட்டத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். சென்னை தொலைவு எனில், நம் திருச்சி அண்ணா விளையாட்டரங்கம் அருகிலேயே இருக்கிறது. விதிகள் தெரியாதே என்று எவரும் அஞ்ச வேண்டாம். பக்கத்து இருக்கையில் இருப்பவர் சொல்லித் தருவார்.

முக்கொம்புச் சுற்றுலாவையும் நிறுத்திவிட வேண்டாம். புளியோதரைப் பாத்திரத்தோடு ஒரு பந்தையும் பேருந்தில் ஏற்றுங்கள், போதும். அடுத்த முறை அந்தப் பெரியவர் அங்கே இருந்தால், ஊஞ்சலில் அமர்ந்து எங்கள் ஆட்டத்தைப் பார்க்கட்டும்!