மூணாவது பின்

மெல்லிசைக் கச்சேரிக்குப் போனால் எல்லோரும் பாடகரைப் பார்ப்பார்கள். பாடகி வந்துவிட்டால் பாடகியைப் பார்ப்பார்கள். டிரம்ஸுக்குப் பக்கத்தில், நாலே நாலு தடித்த கம்பி உள்ள கிடாரை மாட்டிக்கொண்டு, ரேஷன் கடை வரிசையில் நிற்கிற மாதிரி முகத்தோடு ஒருத்தர் நிற்பாரே, அவரை யாரும் பார்ப்பதில்லை. அவர்தான் பேஸ் கிடார். அவர் வாசிப்பதை நிறுத்தினால்தான் 'என்னமோ குறையுதே' என்று தோன்றும். இட்லி மாவில் உப்பு மாதிரி.

என் நண்பன் அப்படி ஒரு ஆசாமி. மதுரையில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ். இந்த வாத்தியத்தை மதுரைக்காரர்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். பண்ணைப்புரம் அந்தக் காலத்தில் மதுரை ஜில்லாதான். 1976-ல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜாவின் பாட்டுக்களில், பாடகர் ஒரு பாட்டுப் பாடினால் அடியில் பேஸ் கிடார் தனியாக இன்னொரு பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும். பின்னால் ரஹ்மான் பாட்டுக்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததைக் கேட்டுக் கேட்டு நண்பன் முழுசாகக் கெட்டுப்போனான்.

ஒருநாள் வந்து நின்றான். "மாப்ள, பெடல் போர்டு கட்டணும்டா. நீ பி.காம்.தானே, வந்து கணக்குப் பாரு."

பெடல் என்றதும் எனக்குத் தையல் மிஷின்தான் ஞாபகம் வந்தது. அது இல்லையாம். கிடாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே வரிசையாக வைக்கிற சின்னச் சின்ன டப்பாக்கள். காலால் மிதித்தால் சத்தம் மாறும். ஒன்று வாங்கினால் போதாது, ஒன்று இன்னொன்றைக் கேட்கும். விலையைச் சொல்லி உங்கள் வீட்டில் சண்டை மூட்ட நான் விரும்பவில்லை.

டப்பாக்களை எந்த வரிசையில் வைப்பது என்பதில்தான் சூட்சுமம். முதலில் டியூனர், சுருதி பார்க்க. அடுத்தது கம்ப்ரஸர்: ஓங்கி அடித்த ஸ்வரத்தைத் தட்டி வைக்கும், மெல்ல அடித்ததைத் தூக்கிவிடும். பெரிய குடும்பத்து மாமியார் வேலை. பிறகு ஆக்டேவ். வாசிக்கிற ஸ்வரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு ஸ்வரத்தைத் தானே கூட்டும். அதற்குச் சுத்தமான ஒற்றை ஸ்வரம் போனால்தான் புரியும். கரகரப்பாகப் போனால் குழம்பி உளறும். அதனால் கரகரக்க வைக்கிற ஓவர்டிரைவ் அதற்குப் பின்னால். இங்கே பேஸ்காரர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் கவலை: சாதாரண ஓவர்டிரைவ் அடிச் சத்தத்தைத் தின்றுவிடும். கரகரப்போடு அசல் சத்தத்தையும் கலந்து அனுப்புகிற 'பிளெண்ட்' குமிழ் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். அப்புறம் கோரஸ். ('பாஸ்' கம்பெனியின் முதல் கோரஸ் பெட்டி வந்ததும் அதே 1976-ல்தான். என்ன ராசியான வருஷமோ!) கடைசியில் டி.ஐ. என்கிற பெட்டி. சத்தத்தை நேராக மிக்ஸருக்கு அனுப்புவது இதுதான்.

ஆக்டேவ் வேண்டாம் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். பேஸ் கிடாரின் தடித்த கம்பி வினாடிக்கு 41 தடவை அதிர்கிறது. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே என்றால் இருபதரை. மனுஷக் காது கேட்பதே 20-லிருந்துதான். "இது பந்தல் காலுக்குத்தாண்டா கேக்கும்" என்றேன். "மேல் கம்பியில வாசிச்சா கேக்கும்" என்று வாங்கிவிட்டான்.

என் இலாகா மில்லி ஆம்பியர் கணக்கு. பெரும்பாலான பெடலுக்கு 9 வோல்ட்தான். ஆனால் பழைய மாதிரிப் பெடல் பத்து, இருபது மில்லி ஆம்பியரில் அடங்கிவிடும். டிஜிட்டல் பெடல் நூறுக்கு மேல் கேட்கும். பேரேடு மாதிரிக் கோடு போட்டுக் கூட்டினேன். மொத்தம் 290. ஒரே அடாப்டரிலிருந்து எல்லாவற்றுக்கும் பின்னல் போட்டால் ஒன்றின் இரைச்சல் மற்றதில் ஏறும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாசல் உள்ள சப்ளையாக வாங்கச் செய்தேன்.

பலகைக்கு ஆசாரியிடம் போனோம். சாய்வாக இரண்டு படி என்றதும், "கொலுவுக்கா தம்பி? ரெண்டு படி காணாதே?" என்றார். பெடல் நகராமல் ஒட்ட, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஷூவில் 'கர்ர்ர்' என்று பிரியுமே, அந்த டேப்பைத் தையல் சாமான் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கினோம்.

வீட்டில் ஆம்ப்ளிஃபயரை ஹாலிலும், மிக்ஸரை உள் ரூமிலும் சொருகி எல்லாவற்றையும் மாட்டியதும், யாரும் வாசிக்காமலே 'ம்ம்ம்ம்' என்று ஒரு சத்தம். செல்போன் டியூனரை ஸ்பீக்கர் முன்னால் நீட்டினான். 'ஜி' என்று காட்டியது! நம் ஊர் கரண்ட் வினாடிக்கு 50 சுற்று. பேஸின் தடித்த கம்பியில் மூன்றாவது கட்டையில் வருகிற ஜி 49. ஆக மின்சார வாரியமே கூட உட்கார்ந்து வாசிக்கிறது, அதுவும் கொஞ்சம் சுருதி ஏத்தி.

காரணம் பிறகு புரிந்தது. இரண்டு ரூம், இரண்டு எர்த். இரண்டையும் கிடார் ஒயர் இணைத்து ஒரு வளையமாக்கிவிட்டது. ஒரே செலவை இரண்டு நோட்டில் எழுதின மாதிரி. ஆனால் அன்றைக்கு ஒரு புண்ணியவான் போனில் வைத்தியம் சொன்னார்: "ஆம்ப் பிளக்குல பெரிய பின் இருக்குல்ல, அத ஒடிச்சு விட்டுருங்க."

ஒடித்தோம். குறடு என்னுடையது. சத்தம் டக்கென்று நின்றது. டீ சொல்லிக் கொண்டாடினோம்.

பங்குனியில் மேலூர் பக்கம் ஒரு கிராமத்தில் பொங்கல் கச்சேரி. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் கூடாது என்பதால் ஆறரைக்கே ஆரம்பம். நானும் கூடப் போயிருந்தேன், என் கணக்கு எப்படி முழங்குகிறது என்று கேட்க. கோரஸ் பாட நண்பன் மைக்கில் வாயை வைத்தான். "ஸ்ஸ்!" என்று பின்னால் சாய்ந்தான். உதட்டில் சுருக்கென்று இழுத்ததாம். வியர்வை என்று துடைத்துக்கொண்டு மறுபடி போகப்போனான்.

ரேடியோ செட்டுக்காரர் மேடை ஏறி வந்தார். அறுபது வயது, காதில் பீடி. ஒன்றும் பேசாமல் டெஸ்டரைக் கிடார் கம்பியில் வைத்தார். உள்ளே சின்னதாகச் சிவப்பு.

"தம்பி, பிளக்க உருவு."

பார்த்தார். மூன்று பின் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு.

"இத எந்த வெண்ண ஒடிச்சது?"

நான் பந்தலின் சீரியல் லைட்டை ரசித்துக்கொண்டிருந்தேன்.

எர்த் பின் போனால் ஆம்ப்ளிஃபயரின் உடம்பில் கசிகிற மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லை. ஒயரின் கவசம் வழியாகக் கிடார் கம்பிக்கு வந்து காத்திருக்கும். மைக் மிக்ஸர் வழியாக எர்த் ஆகியிருக்கிறது. கை கம்பியில், வாய் மைக்கில். நடுவே மிச்சமிருக்கிற ஒயர் நண்பன்தான். அன்றைக்கு வெறும் கசிவு, சுருக்கோடு போயிற்று. உள்ளே ஒரு ஒயர் தளர்ந்து 230 வோல்ட் உடம்பைத் தொட்டிருந்தால்? 1972 மே மாதம் இங்கிலாந்துக்குப் பக்கத்து வேல்ஸில், ஸ்வான்ஸி ஊர் மேடையில் லெஸ் ஹார்வி என்கிற கிடார்காரர், 'ஸ்டோன் தி க்ரோஸ்' குழுக்காரர், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு அங்கேயே இறந்துபோனார். தொழில் தெரிந்தவர்தான்.

மனுஷ உடம்பைக் காக்க வீட்டில் மாட்டுகிற ஆர்.சி.சி.பி. சுவிட்ச், 30 மில்லி ஆம்பியர் வழி தப்பிப் போனாலே கரண்டை அறுத்துவிடும்படி செய்யப்பட்டது. அதற்கு மேல் போனால் இதயம் தாளாது. நான் கோடு போட்டுக் கூட்டிய கணக்கு 290. பெடலுக்கு எத்தனை மில்லி ஆம்பியர் என்று பார்த்தேனே தவிர, நண்பனுக்கு எத்தனை என்று பார்க்கவில்லை.

பெரியவர் தன் பையிலிருந்து புது பிளக் எடுத்து, மூன்று ஒயரையும் முறுக்கி மாட்டினார். ஆம்ப்ளிஃபயர், மிக்ஸர் இரண்டையும் ஒரே பலகையில் சொருகினார். எர்த் ஒன்று, வளையம் இல்லை. லேசாக மிஞ்சிய 'ம்ம்'முக்கு டி.ஐ. பெட்டியின் பக்கவாட்டில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்றிருந்த குட்டி சுவிட்சைத் தள்ளினார். அது சத்தம் போகிற ஒயரின் கவசத்தை மட்டும் பிரிக்கும். கரண்ட் எர்த்தைத் தொடாது. கச்சிதமாக நின்றது. காசு கொடுத்து வாங்கின பெட்டியிலேயே மருந்து இருந்திருக்கிறது. நாங்கள்தான் குறடைத் தேடிப் போயிருக்கிறோம்.

"பாடுப்பா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நண்பன் பாடவில்லை. அன்றைக்கு முழுக்க மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளியே நின்றான்.

அடுத்த வாரம் ஆக்டேவ் பெடலை விற்றான். அந்தப் பணத்தில் ஆர்.சி.சி.பி. வைத்த ஒரு சின்னப் பெட்டியும், நல்ல மூன்று கோர் ஒயரும், டெஸ்டரும் வந்தன. கொலுப்படியில் ஆக்டேவ் இருந்த இடத்தில் இப்போது டெஸ்டர் ஒட்டியிருக்கிறது. குறடை மட்டும் என்னிடம் இன்னும் திருப்பித் தரவில்லை.